வீக்கம், காய்ச்சல், நரம்பு: சுங்கை சிப்புட் மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மூட்டு வலி என்று முனகாத வீடு குறைவு. பால்மரம் வெட்டிய தலைமுறைக்கு முழங்கால். செம்பனைக் குலை அறுக்கும் தலைமுறைக்குத் தோளும் விரலும். மருந்துக்கடை நடத்துகிறவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளில் பாதி வீக்கத்தைப் பற்றியவை. அண்மைக் காலமாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "வேகஸ் நரம்பைத் தூண்டினால் எல்லா வீக்கமும் வற்றிவிடுமாமே?" என்று கைப்பேசியை நீட்டுகிறார்கள். வேகஸ் என்பது மூளைத்தண்டிலிருந்து குடல் வரை இறங்கும் நரம்பு. அவர்கள் கேட்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நிறைய விற்கிறார்கள்.

செம்பனை முள் குத்தினால் விரல் வீங்குகிறது. அதில் நரம்புக்கு என்ன வேலை?

நிறைய வேலை. முள் இறங்கிய இடத்தில் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் ஏற்கனவே குடியிருக்கின்றன. கிருமியையோ சிதைந்த திசுவையோ கண்டதும் அவை டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 போன்ற சைட்டோகைன்களை, அதாவது மற்ற செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்களை, வெளியிடுகின்றன. இரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிய, வெள்ளை அணுக்கள் வந்து குவிகின்றன. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ரோமாபுரியின் செல்சஸ் முதலாம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்த அழற்சி இதுதான்.

ஆனால் வலியை உணரும் நுண்ணரம்புகள் மூளைக்குச் செய்தி சொல்வதோடு நிற்பதில்லை. சப்ஸ்டன்ஸ் பி, சி.ஜி.ஆர்.பி. என்ற இரு பொருள்களைத் தோலுக்குள்ளேயே கொட்டி, குழாய்களைத் தாமும் விரிக்கின்றன. வீட்டிலேயே பார்க்கலாம். முன்கையின் உள்பக்கம், தோல் வெளுத்திருக்கும் இடத்தில், நகத்தால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். முதலில் கோடு சிவக்கும். சற்று நேரத்தில் கோட்டுக்கு வெளியேயும் ஒரு மங்கலான சிவப்பு பரவும். சிலருக்குக் கோடு தடித்தும் எழும். நகமே படாத இடத்தில் பரவிய அந்தச் சிவப்பு நரம்பின் கைவேலை. பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1927-இல் இதை விரிவாக எழுதினார். நரம்பு செத்த தோலில் அது பரவாது. தொழுநோய்த் தேமலைக் கண்டறிய மருத்துவர்கள் இதே குறியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சிலி பாடி நறுக்கிய கை எரிந்து சிவப்பதும் இவ்வகைதான். மிளகாயின் கேப்சைசின் நரம்பைத்தான் தொடுகிறது. கிருமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நரம்பு வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஒரு துணைச் செய்தி. முள் குத்திய விரல் மூட்டு வாரக்கணக்கில் தடித்தே இருந்தால் உள்ளே துணுக்கு தங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிய வாய்ப்புண்டு. "எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு மாதக்கணக்கில் வலி மாத்திரை வாங்க வராதீர்கள். முள் குத்தியதை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அப்படியானால் அழற்சி கெட்டதா?

இல்லை. அது இல்லாவிட்டால் ஒரு சிராய்ப்பிலேயே மனிதன் போய்ச் சேர்ந்துவிடுவான். வேலை முடிந்த பிறகும் அடங்காமல் இருப்பதுதான் கெட்டது. ஆகவே அதை யார் அடக்குகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

காலில் புண். காய்ச்சல் ஏன் உடம்பு முழுவதும்? படுக்கையை விட்டு எழவே மனமில்லையே?

புண்ணின் செய்தி மூளைக்கு இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று இரத்தம்: சைட்டோகைன்கள் மூளையின் குழாய்ச் சுவர்களை எட்டியதும் அங்கே புரோஸ்டாகிளாண்டின் இ2 என்ற வேதிப்பொருள் உருவாகிறது. அது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் வைத்திருக்கும் உடல்வெப்பக் குறியை உயர்த்துகிறது. வெப்பம் அந்தக் குறியை எட்டும்வரை உடம்பு குளிர்வதாக நினைத்து நடுங்குகிறது. வெயில் கொளுத்தும் மதியத்தில் கம்பளியைத் தேடுவது இதனால்தான்.

இன்னொன்று நரம்பு. மூளைத்தண்டிலிருந்து கழுத்து வழியாக இதயம், நுரையீரல், குடல் வரை இறங்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை கீழிருந்து மேலே செய்தி சுமப்பவை. வயிற்றுப் பகுதியில் சைட்டோகைன் கூடினால் அவை மூளைக்கு அறிவிக்கின்றன. பசியின்மை, தூக்கக் கலக்கம், யார் பேசினாலும் எரிச்சல், மூலையில் சுருண்டு கிடக்கும் ஆசை, இவை எல்லாம் மூளையே போடும் ஏற்பாடு. காய்ச்சல்காரரைச் சோம்பேறி என்று திட்டும் மாமியார்கள் கவனிக்க.

புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். 1982-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆனால் நம் நாட்டில் காய்ச்சல் என்றால் டெங்கியாக இருக்கலாம். அது இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் போதும்.

மூளை எப்படி வீக்கத்தை அடக்குகிறது? வேகஸ் நரம்பு வேகஸ் நரம்பு என்கிறார்களே, அது இதுதானா?

இரண்டு வழிகள் நன்றாக அறியப்பட்டவை. ஒன்று கார்ட்டிசால் என்ற ஹார்மோன்; அதை அடுத்த பதிலில் சொல்கிறேன். மற்றது நரம்பு.

கதை 1921-இல் தொடங்குகிறது. ஆட்டோ லோவி ஒரு தவளையின் இதயத்தில் வேகஸைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயம் நனைந்திருந்த நீரை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டார், அதுவும் மெதுவாகியது. நரம்பு ஒரு வேதிப்பொருளால் பேசுகிறது என்பது அப்படித்தான் நிரூபணமாயிற்று. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். லோவியும் ஹென்றி டேலும் 1936-இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு வெகுகாலம், வேகஸ் என்றால் இதயமும் செரிமானமும் என்பதோடு பாடம் முடிந்துவிடும். அமெரிக்காவின் கெவின் டிரேசி குழு 2000-இல் ஓர் எலிச் சோதனையை வெளியிட்டது. பாக்டீரிய நச்சு ஏற்றிய எலிகளில் வேகஸைத் துண்டித்து, உடல் பக்கம் இருந்த முனைக்கு மின்தூண்டல் கொடுத்தார்கள். இரத்தத்தில் டி.என்.எஃப். குறைந்தது, எலிகள் இரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலைக்குப் போகவில்லை. 2002-இல் டிரேசி இதற்கு 'அழற்சி அனிச்சை' என்று பெயரிட்டார். சூடான சட்டியைத் தொட்டால் கை தானே விலகுவது போல, அழற்சி கூடியதை உணர்ந்து நரம்பு மண்டலம் தானே அதைக் குறைக்கிறது என்பது அதன் பொருள்.

2003-இல் மேக்ரோஃபேஜின் மேல் ஆல்ஃபா-7 என்ற நிக்கோட்டின் ஏற்பி, அதாவது வேதிச் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம், அடையாளம் காணப்பட்டது. அசிட்டைல்கோலின் அதில் பட்டால் டி.என்.எஃப். உற்பத்தி குறைகிறது. ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. மேக்ரோஃபேஜ்கள் நிறைந்த மண்ணீரலுக்குள் போகும் நரம்பு வெளியிடுவது நோர்அட்ரினலின் என்ற வேறொரு வேதிப்பொருளை, அசிட்டைல்கோலினை அல்ல. பிறகு யார் கொடுக்கிறார்கள்? 2011-இல் விடை வந்தது: மண்ணீரலில் இருக்கும் ஒருவகை டி செல்கள். நரம்பின் நோர்அட்ரினலின் பட்டதும் அந்த நோயெதிர்ப்புச் செல்களே அசிட்டைல்கோலினைச் செய்து மேக்ரோஃபேஜுக்குத் தருகின்றன. நரம்பின் மொழியை இரத்த அணு பேசுகிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இதுதான்.

இதில் எல்லோரும் ஒத்துப்போய்விடவில்லை. எலிகளின் வேகஸைத் துண்டித்தால் ஒன்றும் மாறவில்லை, வயிற்றுப் பகுதியின் சிம்பதெடிக் நரம்பை (ஆபத்து நேரத்தில் உடம்பை முடுக்கும் நரம்பை) துண்டித்தால்தான் டி.என்.எஃப். எகிறுகிறது என்று ஆஸ்திரேலியக் குழு 2014-இல் எழுதியது. மின்சாரம் கொடுத்தால் ஒரு நரம்பு என்ன செய்யும் என்பது வேறு, உடம்பு தானாக எந்த நரம்பைப் பயன்படுத்துகிறது என்பது வேறு. 2024-இல் வெளிவந்த எலி ஆய்வு மூளைத்தண்டிலேயே அழற்சியைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் நரம்பணுக்களைக் காட்டியது. அடக்கும் ஏற்பாடு உண்டு என்பதில் சந்தேகமில்லை; எந்தக் கம்பி எங்கே போகிறது என்பதில்தான் வழக்கு நடக்கிறது.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூலிகை மாத்திரையில் இரண்டே நாளில் முழங்கால் வலி பறந்துவிட்டது. கிளினிக் மருந்து ஏன் அப்படி வேலை செய்வதில்லை?

இரண்டே நாளில் பறந்துவிட்டது என்பதுதான் எனக்குப் பயம். எந்த மூலிகையும் அவ்வளவு விரைவாக மூட்டைச் சரிசெய்ததை நான் பார்த்ததில்லை. அவ்வளவு விரைவாகச் செய்வது ஸ்டீராய்டு. 'பாரம்பரிய மருந்து' என்று விற்கப்படும் பொருள்களில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

ஸ்டீராய்டு மாத்திரை எதைப் போலிசெய்கிறது என்று தெரிந்தால் ஆபத்து புரியும். அழற்சி கூடும்போது ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது. அது சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்குச் சொல்கிறது. அட்ரினல் கார்ட்டிசாலை விடுகிறது. கார்ட்டிசால் சைட்டோகைன் உற்பத்தியைக் குறைக்கிறது. போதுமான அளவு வந்ததும் மூளை உத்தரவை நிறுத்திக்கொள்கிறது. இதே குடும்பப் பொருளான கார்ட்டிசோனை 1948-இல் பிலிப் ஹென்ச் முடக்குவாத (மூட்டுகளைத் தாக்கும் அழற்சி நோய்) நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்தபோது, நடக்க முடியாதவர் சில நாள்களில் நடந்தார். இரண்டே ஆண்டில், 1950-இல், நோபல். பக்க விளைவுகள் பிறகு தெரியவந்தன.

மாதக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் மூளை உத்தரவே இடாது. அட்ரினல் சுருங்கிவிடும். பிறகு மாத்திரை தீர்ந்துபோனாலோ, சந்தைக்காரர் வராமல் போனாலோ, உடம்பில் கார்ட்டிசால் இல்லை. தலைசுற்றல், வாந்தி, இரத்த அழுத்தம் படுவீழ்ச்சி. ஒரு சாதாரணக் காய்ச்சலோ விபத்தோ வந்தால் உயிருக்கே ஆபத்து.

கடைக்கு வரும் அக்காமார்களின் முகத்தைப் பார்த்தே சில சமயம் எனக்குச் சந்தேகம் வரும். கன்னம் பந்து போல் உருண்டிருக்கும், கைகால் மெலிந்திருக்கும், முன்கையில் எங்கும் இடிக்காமலேயே ஊதா நிறத் திட்டுகள், "பசி தாங்க முடியவில்லை தம்பி, சீனியும் ஏறிவிட்டது" என்பார்கள். அப்போது நான் கேட்பது ஒன்றுதான்: "பையில் இருக்கும் அந்தப் பாட்டிலைக் காட்டுங்கள் அக்கா."

பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். பாரம்பரிய மருந்தானால் அந்த எண்ணின் இறுதிப் பகுதியில் 'டி' (T) எழுத்து இருக்கும். இவை இல்லாவிட்டால் வாங்காதீர்கள். ஏற்கனவே மாதக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து, இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடாதீர்கள். பாட்டிலோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். யாரும் திட்டமாட்டார்கள், திட்டினாலும் பரவாயில்லை, போங்கள்.

மருத்துவர் எழுதித்தரும் ஸ்டீராய்டு வேறு. அதில் அளவும் காலமும் கணக்கில் இருக்கின்றன.

காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுக்கின்றன, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. ஏன்?

கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்து, விழிக்கும் நேரத்தில் உச்சத்துக்குப் போகும். முடக்குவாதக்காரர்களுக்கு இன்டர்லூகின்-6 விடியற்காலையில் அதிகம். அதை ஈடுகட்டும் அளவுக்கு கார்ட்டிசால் எழுவதில்லை. விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரு கைகளிலும் இருந்தால், தேய்மானம் என்று நீங்களே முடிவு கட்டாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கவலைப்பட்டால் புண் ஆறாது என்று பாட்டி சொல்வார். உண்மையா?

உண்மை, அதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோவில், மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் பெண்களின் கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம் செய்தார்கள். அது ஆற அவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள். அந்தச் சுமை இல்லாத, அதே வயதுப் பெண்களுக்கு 39 நாள். 1995-இல் வெளியான ஆய்வு இது. தொடர்ந்த மன அழுத்தத்தில் கார்ட்டிசால் காயத்துக்குத் தேவையான ஆரம்ப அழற்சியையும் அமுக்கிவிடுகிறது. நீண்டகாலம் போனால் செல்கள் கார்ட்டிசாலின் சொல்லைக் கேட்காமலும் போகும். அப்போது தேவையில்லாத இடத்தில் அழற்சி தங்கிவிடுகிறது. படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டு, விடியுமுன் வேலைக்கும் போகிற மருமகளிடம் "கவலைப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. வாரத்தில் ஓர் இரவாவது வேறு யாராவது அந்த வீட்டில் கண்விழித்தால் பயன் உண்டு.

இனிப்புநீர்க்காரர்களின் கால் புண் வலிப்பதே இல்லை, ஆனால் அழுகுகிறது. எப்படி?

நரம்பும் நோயெதிர்ப்பும் ஒரே கூட்டணி என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று இல்லை. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 சதவீதம். நீடித்த சீனி முதலில் பாதத்தின் நுண்ணரம்புகளைக் கெடுக்கிறது. செருப்புக்குள் கல் இருப்பது தெரிவதில்லை. அதோடு, முதல் பதிலில் சொன்ன சிவப்புப் பரவலும் நின்றுவிடுகிறது. காயத்துக்கு இரத்தத்தை இழுத்துவர அங்கே நரம்பு இல்லை. வெள்ளை அணுக்களும் அதிக சீனியில் மந்தமாகிவிடுகின்றன. இரத்தக் குழாயும் குறுகியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே வலியை நம்பாதீர்கள், கண்ணை நம்புங்கள். இரவு படுக்குமுன் பாதத்தின் அடியையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் பூட்ஸைப் போடுமுன் தலைகீழாகத் தட்டுங்கள். தோட்டத்தில் தேளுக்காகச் செய்கிற பழக்கம்தான், கல்லுக்காகவும் செய்யுங்கள்.

காதில் மாட்டும் 'வேகஸ்' கருவியை இணையத்தில் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேகஸின் ஒரு சிறு கிளை காதுக்கு வருவது உண்மை. காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவது அதனால்தான். ஆனால் முடக்குவாதத்துக்கு அப்படிப்பட்ட காதுக் கருவியைப் போலிக் கருவியோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஆய்வில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அறுவை செய்து கழுத்தில் வேகஸின் மேல் பொருத்தும் கருவியின் கதை வேறு. மருந்துகள் பலன் தராத முடக்குவாதக்காரர்கள் 242 பேரிடம் சோதித்தார்கள். 12 வாரத்தில் கணிசமான முன்னேற்றம் கண்டவர்கள் சுமார் 35 சதவீதம். கருவி பொருத்தியும் மின்சாரம் விடாதவர்களில் 24 சதவீதம். 2025-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நூற்றுக்குப் பதினொரு பேர் கூடுதல். அது அற்பமும் அல்ல, அற்புதமும் அல்ல. காதுக் கருவிக்குக் கொடுக்கும் பணத்தை நல்ல காலணிக்குக் கொடுங்கள்.

மூச்சுப் பயிற்சி?

2014-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று பெரும் பரபரப்பானது. ஆரோக்கியமான 24 பேருக்குப் பாக்டீரிய நச்சைச் சிறிதளவு ஊசியில் ஏற்றினார்கள். வேக மூச்சும் குளிர்த் தாங்கலும் பயின்ற 12 பேருக்கு டி.என்.எஃப். குறைவு, காய்ச்சல் குறிகளும் குறைவு. பலர் நினைப்பதற்கு மாறாக, அது மன அமைதியால் வந்ததல்ல. அவர்களுக்கு அட்ரினலின் ஏகமாக எகிறியிருந்தது. இளைஞர்களிடம், சில மணி நேரம் நடந்த சோதனை. அதை வைத்து அறுபது வயது மூட்டுவாதத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. மெதுவாக மூச்சை வெளியே விட்டால் இதயத் துடிப்பு தணியும், தூக்கம் வரும். அதற்காகச் செய்யுங்கள், மருந்தையும் தொடருங்கள்.

புகைமூட்டக் காலத்தில் மகனுக்கு மூச்சிழுப்பு வருகிறது. வேகஸ் அடக்கும் நரம்பு என்றால் நெஞ்சை ஏன் அடக்கவில்லை?

நல்ல கேள்வி. நுரையீரலில் அதே வேகஸ், அதே அசிட்டைல்கோலின், மூச்சுக்குழாயை இறுக்குகிறது. புகைத் துகள் உறுத்தினால் நரம்பு குழாயைச் சுருக்கிச் சளியையும் கூட்டும். கிளினிக்கில் நெபுலைசரில் கலக்கும் இப்ராட்ரோப்பியம் அந்த அசிட்டைல்கோலினைத் தடுப்பதுதான். ஆகவே 'வேகஸைத் தூண்டு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களிடம் எந்த உறுப்பில் என்று கேளுங்கள்.

கோடாலித் தைலம் வீக்கத்தைக் குறைக்குமா?

வலியைக் குறைக்கும், வீக்கத்தை அல்ல. மெந்தால் குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தொடுகிறது; அந்த உணர்வு வலிச் செய்தியை மறைக்கிறது. தாராளமாகத் தேயுங்கள், புண்ணின் மேல் வேண்டாம்.

மஞ்சள்?

குழம்பில் போடுங்கள். குர்குமின் குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. அதிகம் உறிஞ்சப்பட மிளகுச் சத்துச் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கிறது.

ஆல்ஃபா-7 நிக்கோட்டின் ஏற்பி என்கிறீர்கள். அப்படியானால் சிகரெட்டும் வெற்றிலைப் பாக்கும் வீக்கத்துக்கு நல்லதா?

கெட்டிக்காரப் பேரன்கள் தாத்தாவுக்காகக் கேட்கும் கேள்வி. நிக்கோட்டின் அந்த ஏற்பியைத் தொடுவது உண்மை. பெருங்குடல் புண் நோய் புகைப்பவர்களிடம் குறைவாகக் காணப்படுவதும் உண்மை. ஆனால் சிகரெட் புகையில் நிக்கோட்டின் மட்டுமா இருக்கிறது? புகைப்பவர்களுக்கு முடக்குவாதம் வரும் வாய்ப்பு கூடுகிறது, குறைவதில்லை.

பாக்கில் இருக்கும் அரெக்கோலின், அசிட்டைல்கோலின் ஏற்பிகளில் பெரும்பாலும் வேறு வகையைத் தூண்டுகிறது. எச்சில் ஊறுவதும் உடம்பு சூடாவது போல் இருப்பதும் அதனால்தான். வாய்க்குள் அது செய்வது நேர்மாறு: கன்னத்தின் உள்தோலில் அழற்சி தங்கி, தோல் நாராகி, வாய் திறப்பது சிறுகச் சிறுகக் குறையும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாட்டிக்கு மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அல்லது காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றால், அரசாங்கப் பல் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.